காசின் தரம் காணும் கலை

தமிழ் மொழியிலே நாணயம் என்னுஞ் சொல்லுக்கு இருபொருள் உண்டு. அரச முத்திரை பெற்று வழங்கும் காசையும் அச்சொல் குறிக்கும். சொன்ன சொல் தவறாத குணத்தையும் அச்சொல்லே குறிக்கும். ஊரார் ஒருவரை 'நாணயமானவர்' என்று புகழும்பொழுது, எவ்வாறு சோதித்துப் பார்த்தாலும் அவர் போலியாகார் என்பதே அவர்தம் கருத்தாகும். ஒருவருடைய பெருமையையும் சிறுமையையும் அறிதற்குத் திருவள்ளுவரும் பொன்னுரைக்கும் கட்டளைக்கல்லையே உவமையாக எடுத்தாண்டார். காசைச் சோதித்தறியும் கலை நம்மவரின் வாழ்விலும் மொழியிலும் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

நம் வீடுகளில் உள்ள பழைய பெட்டகங்களைத் திறந்தால் ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டும், விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த சதமும், சிலவேளைகளில் தோட்டங்கொத்தும்போது கிடைத்த பெயர் தெரியாத பழங்காசும் காணப்படும். இவற்றை விலைக்குக் கேட்டு வருவோர் பலர். அவர்கள் ஒரு காசுக்குப் பத்து ரூபா கூறி, அதனைப் போன்றதே எனத் தோன்றும் மற்றொரு காசுக்கு ஆயிரம் ரூபா கொடுக்கவும் முன்வருவர். இவ்வேறுபாடு எதனால் வந்தது? காசு சேகரிப்போர் எவற்றைப் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர்? அவர்களுடைய கணக்கில் அகப்படாத பெறுமதி ஏதும் உண்டா? இவ்வினாக்களை நம் இளைஞர்கள் ஆராய்ந்தறிதல் நன்று.

வண்ணக்கர்

காசின் தன்மையைச் சோதித்துக் கூறுவோரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என வழங்கினர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு இத்தொழிற்பெயர் சேர்ந்து வருகின்றது. புறநானூற்றிற் பாடியவர்களுள் ஒருவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். நமது மட்டக்களப்புப் பகுதியிலே கோயில்கள் சிலவற்றின் பொருளையும் நிருவாகத்தையும் பொறுப்பேற்று நடத்துபவர் இன்றும் வண்ணக்கர் என்றே அழைக்கப்படுகின்றார். காசின் நன்மை தீமை அறிந்தவனிடத்திலேயே கோயிற்பொருளை ஒப்படைத்தல் தகும் என முன்னோர் எண்ணினர் போலும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'அன்றாடு நற்காசு' என்னுந் தொடர் வருகின்றது. அக்காலத்தில் வழக்கிலுள்ள நல்ல காசு என்பது அதன் பொருள். கோயிலுக்கு விளக்கெரிக்கக் காசு கொடுத்தவன் தேய்ந்த காசையோ மாற்றுக் குறைந்த காசையோ கொடுத்துவிடலாகாது என்பதற்காகவே இவ்வாறு எழுதி வைத்தனர். இதற்கென வண்ணக்கரிடம் இருந்த கருவிகள் சிலவே. கண்ணாற் பார்த்தல், கல்லிற் சுண்டி ஓசை கேட்டல், உரைகல்லில் உரைத்து மாற்றுக் காணல், தராசிலிட்டு நிறை அறிதல் ஆகியன அவருடைய சோதனைகள்.

எனினும் வண்ணக்கருடைய நோக்கம் வேறு. சேகரிப்போருடைய நோக்கம் வேறு. உலோகம் தூயதா, நிறை சரியா என்னும் இரண்டுமே வண்ணக்கருக்கு வேண்டியவை. அரசனின் உருவம் தேய்ந்திருப்பினும் பொன் குறையாதிருந்தால் அவருக்கு அது நற்காசே. சேகரிப்பவரோ கடைத்தெருவிற் செல்லாத காசைத் தேடுபவர். அவர் விலை கொடுப்பது உலோகத்துக்கன்று. அதன்மேற் பதிந்துள்ள உருவுக்கும் எழுத்துக்கும் அருமைக்குமே அவர் விலை கொடுக்கின்றார்.

இத்தகைய சேகரிப்பு ஐரோப்பாவிலே மறுமலர்ச்சிக் காலத்தில் வளர்ந்தது. இத்தாலியக் கவிஞர் பெற்றார்க் றோமப் பேரரசர்களின் காசுகளைத் தேடிச் சேர்த்தார். 1354ஆம் ஆண்டில் நான்காம் சார்ள்ஸ் என்னும் அரசரைச் சந்தித்தபோது அவற்றுட் சிலவற்றை அவருக்குக் கையுறையாக அளித்து, அக்காசுகளிற் காணும் பெரியோரின் வழி நிற்குமாறு அறிவுறுத்தினார் என்பது வரலாறு. சேகரிப்பு வளரவே போலியும் உடன் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டிலே பாதுவா நகரத்துக் கவினோ என்னும் சிற்பி றோமக் காசுகளைப் பின்பற்றி மிக அழகிய காசுகளை வார்ப்பித்தும் அடித்தும் வெளியிட்டார். அவை இன்றும் 'பாதுவாக் காசுகள்' என்ற பெயரால் அறியப்படுகின்றன.

சொல்லிலிருந்து எண்ணுக்கு

தொடக்கத்தில் விற்போர் தம் காசுகளை 'நன்று', 'சிறந்தது', 'வழங்கப்படாதது' என்னும் சில சொற்களாலேயே தரம் பிரித்தனர். நாளடைவில் இச்சொற்கள் பெருகின. ஆங்கிலேயர் வழக்கிலே 'மிகநன்று', 'மிகச்சிறந்தது', 'அதிசிறந்தது' என்றெல்லாம் படிகள் ஏற்பட்டன. இங்கே புதியவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. இவ்வழக்கில் 'நன்று' என்பது உண்மையில் நன்றாக உள்ள காசைக் குறிப்பதன்று. உருவின் புறக்கோடு மாத்திரம் எஞ்சி, உள்விவரமெல்லாம் தேய்ந்த காசுக்கே அப்பெயர். 'சிறந்தது' என்பதும் நெடுங்காலங் கைமாறித் தேய்ந்த காசேயாகும். விற்பவர் சொல்லைக் கேட்டு அகராதிப் பொருள் கொள்பவர் ஏமாந்து போவர்.

சொற்களால் வந்த குழப்பத்தை நீக்க 1949ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் என்பவர் ஓர் எண்முறையை வகுத்தார். அமெரிக்காவின் ஆதிச் செப்புச் சதங்களை ஆராய்ந்தவர் அவர். இன்ன காசென்று அடையாளங் காணுமளவுக்கு மாத்திரம் எஞ்சியிருப்பதற்கு 1 என்றும், ஒரு குற்றமுமின்றி அச்சிலிருந்து வந்தபடியே இருப்பதற்கு 70 என்றும் அவர் எண் கொடுத்தார். 'நன்று' 4இல் தொடங்கும், 'சிறந்தது' 12, 'மிகச்சிறந்தது' 20, 'அதிசிறந்தது' 40, புழக்கத்துக்கே வராத காசு 60க்கு மேல்.

இவ்வெண்கள் எங்ஙனம் பிறந்தன என்பது சுவையானது. கடைநிலைக் காசின் விலை ஒரு டொலர் எனின், குற்றமற்ற காசின் விலை ஏறக்குறைய 70 டொலர் என்பது 1794ஆம் ஆண்டுச் சதத்தைக் கொண்டு அவர் கண்ட சந்தைக் கணக்கு. ஆகவே தரத்தின் எண்ணே விலையின் எண்ணுமாயிற்று. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளாகவே சந்தை அக்கணக்கைத் தாண்டிச் சென்றது. விலைக்கணக்கு மறைந்த பின்னும் எண்கள் மாத்திரம் நிலைத்தன. 1977இல் அமெரிக்க நாணயவியற் சங்கம் அவற்றை எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் ஏற்ற முறையாக வெளியிட்டது. 1986, 1987 ஆகிய ஆண்டுகளில், காசைத் தாமே சோதித்து எண் குறித்துப் பிளாஸ்டிக் உறையுள் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே தோன்றின. பண்டை வண்ணக்கரின் தொழில் இவ்வாறு புதுக்கோலம் பூண்டது எனலாம்.

கண் காணவேண்டியவை

தரங் காண்பவர் முதலில் நோக்குவது தேய்வு. காசிலே மேடாக உள்ள இடங்களே முதலில் தேயும். விக்டோரியா மகாராணியின் சதத்தில் காதுக்கு மேலுள்ள கூந்தலையும், இடபம் பொறித்த காசில் அதன் திமிலையும் முதலிற் பார்த்தல் வேண்டும். கூந்தலின் இழைகள் தனித்தனியே தோன்றினால் காசு அதிகங் கைமாறவில்லை. அவை ஒன்றாகி வழுவழுப்பாய் இருப்பின் பலகாலம் புழங்கியது எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, அச்சு. பழங்காசுகள் கைச்சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. அடி மெலிந்தால் உருவமும் மெலியும். அச்சுவில்லை சற்று விலகினால் உருவத்தின் ஒரு பாதி வெளியே போய்விடும். தேய்வினால் வந்த மெலிவும் அடியினால் வந்த மெலிவும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். மெலிந்த இடம் வழுவழுப்பாக இருந்தால் அது தேய்வு. உலோகத்தின் இயற்கையான சொரசொரப்பு மாறாதிருந்தால் அது அடியின் குறை. இந்நுட்பம் அறிந்தவரே நல்ல காசைக் குறைந்த விலைக்குப் பெறுவர்.

மூன்றாவது, மேற்பரப்பு. நம் வீடுகளிற் பெருந்தவறு நிகழ்வது இங்கேதான். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோலப் பழஞ் செப்புக்காசையும் புளியும் சாம்பலுமிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைப்போர் பலர். செப்பின்மேல் நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய பச்சைநிறப் படலம் அழுக்கன்று. அது காசுக்குக் கவசம்போன்றது, பழமைக்குச் சான்றுமாகும். அதனை உரித்தால் அதனோடு எழுத்தின் நுண்விளிம்பும் போகும். அறிந்த சேகரிப்பாளர் துலக்கிய காசைக் கண்டவுடன் விலையைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிடுவர். விதிவிலக்கு ஒன்றுண்டு. வெளிறிய பச்சைநிறத்தில் தூளாக உதிரும் களிம்பு, உப்பினாலும் ஈரத்தினாலும் வரும் நோயாகும். கடற்காற்று வீசும் நம் நாட்டில் அது விரைவிற் பரவும். அத்தகைய காசை ஏனையவற்றினின்றும் பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, அறிந்தவரிடம் காட்டல் வேண்டும்.

நான்காவது, போலியா என்பது. வார்ப்பினாற் செய்த போலிக்கு விளிம்பிலே இணைப்புக் கோடு இருக்கும், மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற துளைகள் தோன்றும், எழுத்துக்கள் மழுங்கியிருக்கும். கையால் அடித்த இரு காசுகள் எல்லாவகையிலும் ஒன்றாய் இருத்தல் அரிது. ஒரே கீறலும் ஒரே வடுவும் இரண்டிலும் காணப்பட்டால் இரண்டும் ஒரே கருவில் வார்த்தவை என ஐயுறலாம். பொற்காசாயின் நிறையோடு நீரில் அமிழ்த்திய நிறையையும் காணல் வேண்டும். காற்றில் உள்ள நிறையை, நீரில் இழந்த நிறையாற் பிரித்தால், தூய பொன்னுக்கு 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.9 என வரும். இச்சோதனையையும் வெல்லும் போலிகள் உண்டு. தங்குதன் என்னும் உலோகத்தின் அடர்த்தி பொன்னின் அடர்த்திக்குச் சமமாதலால், அதன்மேற் பொன் பூசி ஏமாற்றுவோர் இக்காலத்தில் உளர். ஆகவே எந்த ஒரு சோதனையையும் தனியே நம்புதல் ஆகாது.

விலையின் காரணம்

பழமை மிகுந்தால் விலையும் மிகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய றோமச் செப்புக்காசுகள் நம் நாட்டிற் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. ஜோன் ஸ்ரில் என்பவர் 1907இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். பதினாறு நூற்றாண்டு கண்ட அக்காசுகளிற் பெரும்பாலானவற்றுக்குச் சந்தையில் விலை சொற்பமே. ஏனெனில் அவை ஏராளம், மிகத் தேய்ந்தவையும் கூட.

உலோகமும் முழுக்காரணமாகாது. நம் பெண்மணிகள் நகைக்குக் கணக்கிடும் பவுண், ஆங்கிலேயரின் 22 கரட் பொற்காசிலிருந்து வந்த அளவாகும். அப்பொற்காசின் நிறை 7.98 கிராம், அதனையே 8 கிராம் எனக் கொண்டோம். சாதாரண ஆண்டுப் பவுண் ஒன்றின் விலை பெரும்பாலும் அதிலுள்ள பொன்னின் விலையை ஒட்டியே நிற்கும். ஆனால் 1819ஆம் ஆண்டுப் பவுண் 3,574 மாத்திரமே அடிக்கப்பட்டது. அதே நிறையும் அதே மாற்றும் உடைய அக்காசு, பொன்விலையைப் பலமடங்கு தாண்டிச் செல்லும். எத்தனை அடிக்கப்பட்டன என்பதைக் காட்டிலும் எத்தனை எஞ்சியுள்ளன, அவற்றை எத்தனைபேர் விரும்புகின்றனர் என்பவையே விலையை நிர்ணயிக்கின்றன. அரியதென மதித்த காசு புதையலாக ஒரு பானை நிறையக் கிடைத்தால் அதன் விலை உடனே வீழ்ந்துவிடும். ஆகவே விலை என்பது நாளுக்கு நாள் மாறும் இயல்பினது.

சேதுக் காசு

இனி, நமக்கு மிக அண்மையான காசொன்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக்காசு அது. ஒருபுறத்திலே நின்ற நிலையில் ஓர் உருவம். மறுபுறத்திலே படுத்திருக்கும் இடபமும் பிறையும், கீழே தமிழெழுத்தில் 'சேது' என்னும் சொல்லும் உள்ளன. காசு சிறியது; அச்சோ பெரியது. ஆகையாற் பல காசுகளில் 'சே' இருந்தால் 'து' இராது. இடபத்தின் முகம் இருந்தால் பிறை இராது. இரண்டு எழுத்தும் முழுமையாக விழுந்து, பிறையும் திமிலும் தெளிவாக உள்ள காசையே சேகரிப்பவர் தேடுவர். ஒற்றை எழுத்துடைய தேய்ந்த காசைப் பொருட்படுத்தாது ஒதுக்குவர்.

ஆயின் வரலாற்றாசிரியனின் தராசு வேறு. இக்காசுகள் யாருடையவை என்பதில் முன்னர் கருத்துவேறுபாடு இருந்தது. சேது என்னும் பெயரைக் கண்டு, இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று சிலர் கருதினர். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும், 1926இல் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்ட முதலியார் செ. இராசநாயகமும் இவை யாழ்ப்பாண மன்னருடையவை என வாதிட்டனர். இலங்கைக் காசுகள் பற்றி 1924இல் பெருநூல் எழுதிய கொட்றிங்டனும் இவற்றை ஆராய்ந்தார். நின்ற உருவத்தின் அமைப்பு பொலன்னறுவைக் காலத்து இலங்கைக் காசுகளின் மரபைத் தொடர்வது. கேகாலைப் பகுதியிற் கிடைத்த ஆரியச் சக்கரவர்த்தியின் கொட்டகமக் கல்வெட்டு 'சேது' என்னும் சொல்லோடு தொடங்குவது. இக்காசுகள் வட இலங்கையிலே மிகுதியாகக் கிடைப்பது ஆகியவை முக்கிய சான்றுகளாயின.

இம்மூன்றாஞ் சான்றைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். காசு எங்கே கிடைத்தது என்பதை யாரோ ஒருவர் எழுதி வைத்ததனாலேயே அச்சான்று நமக்குக் கிட்டிற்று. அவ்வாறு எழுதி வைத்த காசுகளுள் அழகியவும் இருந்திருக்கும். ஓரெழுத்து மாத்திரம் எஞ்சியவும் இருந்திருக்கும். விற்பவன் ஒரு ரூபாவுக்கும் மதியாத தேய்ந்த காசு, 1619இல் பறங்கியரிடம் வீழ்ந்த நமது அரசொன்றின் உரிமையை நிலைநாட்டுதற்குச் சாட்சியாக நின்றது. அவ்வரசின் அரண்மனையும் ஏடுகளும் பெரும்பாலும் அழிந்துபோன நிலையில் இச்சிறு செப்புத்துண்டுகளின் சாட்சியம் எத்துணை அருமையானது!

கந்தரோடையிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் ஈ. பீரிஸ் பழங்காசுகளைச் சேர்த்து, அவற்றை இடத்தோடு பொருத்தி எழுதினார். முத்திரை குத்திய பழைய வெள்ளிக்காசுகளும் றோமக்காசுகளும் அவற்றுள் இருந்தன. அதனால் அச்சிற்றூர் பண்டைநாளில் கடல்வாணிகத்தோடு தொடர்புற்றிருந்தமை புலனாயிற்று. தென்னிலங்கையில் திசமகாராமைக்கு அருகிலுள்ள அக்குறுகொடவில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த ஈயக்காசுகள் கிடைத்தன. பேராசிரியர் ஒஸ்மண்ட் போபெயாரச்சியும் மற்றொரு அறிஞரும் 1999இல் அவற்றை வெளியிட்டனர். பண்டைய இலங்கையின் வாணிகத்தில் தமிழர்க்கிருந்த பங்கினை ஆராய்வோர்க்கு அவை பெருந்துணை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை புதையல் தேடுவோர் தோண்டி விற்றவை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டோடு, எந்தப் பொருளின் அருகில் அவை கிடந்தன என்பது தெரியாது போயிற்று. அவற்றின் காலத்தை எழுத்தின் வடிவைக் கொண்டே ஊகிக்க வேண்டியதாயிற்று. காசு நமக்குக் கிடைத்தது. ஆனால் அதன் சாட்சியத்தில் ஒரு பாதி மண்ணோடு மண்ணாயிற்று.

நம் கடமை

ஆகவே காசுக்கு இருவகைத் தரம் உண்டு எனக் காண்கின்றோம். தேய்வு, அச்சு, மேற்பரப்பு, அருமை ஆகியவற்றைக் கொண்டு சந்தை காணும் தரம் ஒன்று. கிடைத்த இடத்தைக் கொண்டு வரலாறு காணும் தரம் மற்றொன்று. முன்னையது காசிலேயே உள்ளது. எவர் கையிற் சென்றாலும் அதனை மீண்டும் காணலாம். பின்னையதோ கண்டெடுத்தவரின் நினைவில் மாத்திரமே உள்ளது. அவர் சொல்லாது விட்டால், எந்தப் பூதக்கண்ணாடியாலும் அதனை மீட்க இயலாது.

இதுபற்றிச் சட்டமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டனவாகக் கருதத்தக்க பொருள்களைத் தொல்பொருள் என வகுக்கின்றது. நிலத்திலிருந்து கிடைக்கும் உரிமையாளரற்ற தொல்பொருள் அரசுக்குரியது. கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் வேண்டும். அனுமதியின்றி அதனை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லலும் ஆகாது. சேதுக் காசும் ஒல்லாந்தர் துட்டும் இவ்வெல்லைக்குள் அடங்குவன. வாங்க விரும்பும் இளைஞர்கள், விற்பவர் அக்காசை எவ்வாறு பெற்றார் என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். அதற்குத் தக்க விடை கூறாதவரிடம் வாங்காதொழிதலே நாணயமாகும்.

இளைஞர்களே! காசு சேகரித்தல் நல்ல பொழுதுபோக்கு. உங்கள் வீட்டிலுள்ள சதங்களையும் துட்டுக்களையும் கொண்டே அதனைத் தொடங்கலாம். காசை விளிம்பிற் பிடியுங்கள். முகப்பில் விரல் படாதிருக்கட்டும். புளியும் சாம்பலும் அதனருகிற் செல்லாதிருக்கட்டும். ஒவ்வொரு காசுக்கும் ஒரு கடதாசி உறை செய்து, நிறை, அளவு, உருவம், எழுத்து ஆகியவற்றோடு, அது யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்தக் காணியில், எந்த ஆண்டில் கிடைத்தது என்பதையும் எழுதி வையுங்கள். நிலத்திற் கிடைத்ததாயின் தொல்பொருட் டிணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பெரியோர்களுக்கும் நமது விண்ணப்பம் ஒன்றுண்டு. உங்கள் பெட்டகத்திலுள்ள பழங்காசு பாட்டனார் எந்தத் தோட்டத்தில் எடுத்தது என்பது உங்களுக்கு மாத்திரமே தெரிந்திருக்கலாம். அதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். நமது ஊர்களிலே இடப்பெயர்வினாலும் போரினாலும் வீடுகளும் ஏடுகளும் அழிந்தன. எஞ்சியவற்றைப் பேணிக் காப்பது நம் எல்லோருக்கும் உரிய கடமையாகும்.

முன்னாளில் வண்ணக்கர் காசைச் சோதித்தார், கோயிற்பொருளைக் காத்தார். அவ்விரு தொழிலையும் இன்று நம் இளைஞர்கள் ஏற்றல் வேண்டும். காசின் தரம் அறிந்து, அதன் சாட்சியத்தையும் காத்து, வருந் தலைமுறையிடம் அதனை நாணயத்தோடு ஒப்படைப்பார்களாக.